ஓணம் வரை தூண்டில் வேண்டாம்

நமது சங்க இதழில் இலக்கியம், ஆன்மிகம், பண்டிகைகள் பற்றி எழுத அறிஞர் பெருமக்கள் பலர் இருக்கிறார்கள். ரயில் பாதைக்குச் சரளைக்கல் கொட்டுவதிலும் பாலங்களைப் பார்வையிடுவதிலும் காலத்தைக் கழித்த என்னைப் போன்றவன் எதைப் பற்றி எழுதுவது? யோசித்துப் பார்த்ததில், எனக்கு உருப்படியாகத் தெரிந்த இன்னொரு விஷயம் தூண்டில் போடுவது ஒன்றுதான். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு கருத்தும் இருக்கிறது. கொஞ்சம் குற்ற உணர்வும் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டில் பிறந்து, டிப்ளமோ முடித்து, 1982-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயில் ஓடத் தொடங்கி அப்போது மூன்று வருடங்களே ஆகியிருந்தன. வேலை நிமித்தம் கரமனைக்கு வந்தவன் இங்கேயே தங்கிவிட்டேன். 2020-ல் ஓய்வு பெற்ற பிறகு காலையில் நடை, மாலையில் தூண்டில் என்று பொழுது போகிறது. அக்ரஹாரத்து நண்பர் ஒருவர், "ஓய், நீர் அதைத் தின்னவும் மாட்டேன் என்கிறீர், சும்மா விடவும் மாட்டேன் என்கிறீர்" என்று கேலி செய்வார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

டொரன்டோவில் இருக்கும் என் மகளும் மருமகனும் சென்ற ஆண்டு ஜூலை மாதம் பள்ளி விடுமுறைக்குப் பேரனுடன் வந்திருந்தார்கள். மருமகன் எனக்கென்று ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். திறந்தால் உள்ளே நகைக்கடை போல மின்னுகிறது! வெள்ளி முலாம் பூசிய கரண்டித் தகடுகள், சுழலும் தகடுகள், மரத்தில் செய்து வர்ணம் தீட்டிய சிறு மீன்கள், ரப்பர் தவளைகள். எல்லாம் போலி இரைகள். புழு வேண்டாம், மாவு உருண்டை வேண்டாம். எறிந்து இழுத்தால் உயிருள்ளது போலவே நீந்தும். கூடவே ஒரு புத்தகம். வசந்த காலத்தில் எந்த வாரம் எந்த இரையை எவ்வளவு ஆழத்தில் இழுக்க வேண்டும் என்று அட்டவணை போட்டிருந்தது.

பேரன் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "பாட்டா, இங்கே ஸ்பிரிங் எப்போ?"

பதில் சொல்லத் திணறிப்போனேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

நமது வசந்தம் மழைதான்

கனடா போன்ற தேசங்களில் குளிர்காலம் முழுவதும் ஏரிகள் உறைந்து கிடக்கும். வசந்தம் வந்து நீர் சூடேறத் தொடங்கியதும், 'பாஸ்' என்னும் வேட்டை மீன் ஆழத்திலிருந்து கரையோரத்துக்கு வருகிறது. மணலில் குழி பறித்து முட்டையிடுகிறது. பெண் மீன் போய்விடும். ஆண் மீன் காவல் நிற்கும். ஆக, அந்தப் புத்தகத்தில் வசந்தம் என்று சொல்வது பூ பூக்கும் காலத்தை அல்ல, மீன் இனம் பெருக்கும் காலத்தை.

நம் ஊரில் ஆற்று நீர் உறைவதும் இல்லை, உருகுவதும் இல்லை. நமது பங்குனி சித்திரையில் குளங்கள் வற்றிச் சூடேறிக் கிடக்கும். நம் மீன்களுக்குக் காலம் வந்துவிட்டது என்று மணி அடிப்பது வெயில் அல்ல, மழை. மலையாளிகள் இடவப்பாதி என்று சொல்லும் வைகாசி நடுவில், அதாவது ஜூன் முதல் வாரத்தை ஒட்டி, தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. அகஸ்தியமலைப் பக்கம் செம்முஞ்சி மொட்டையில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைத் தாண்டி வரும் நமது கரமனையாறு கலங்கிச் சிவந்து ஓடுகிறது. வயலும் தோடும் ஆறும் ஒன்றாகிவிடுகின்றன.

அப்போது மீன்கள் ஏறத் தொடங்கும். வரால், வாளை, கெளுத்தி, பனையேறிக் கெண்டை, இன்னும் பலவகைக் கெண்டைகள் எல்லாம் வயிறு நிறைய முட்டையுடன் ஆற்றிலிருந்தும் காயலிலிருந்தும் புது வெள்ளத்தை எதிர்த்து ஆழமில்லாத வயல்களுக்கு வருகின்றன. இதற்கு மலையாளத்தில் 'ஊத்த' என்று பெயர். ஒரு காலத்தில் கேரளத்தின் கிராமங்களில் இது ஒரு திருவிழா. கூடை, வலை, வெட்டுக்கத்தி என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஜனங்கள் இறங்குவார்கள்.

ரயில்வேயில் எங்களுக்கு ஜூன் பிறந்தால் தூக்கம் கிடையாது. பாலத் தூண்களில் வர்ணத்தால் போட்டிருக்கும் அபாய மட்டக் கோட்டையே பார்த்துக்கொண்டு திரிவோம். அப்படித் திரிந்த நாட்களில்தான் கல்வெர்ட்டின் வாயில் கூடையைக் கட்டிவைத்து, ஏறி வரும் மீனை ஒன்று விடாமல் அள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு கூடையிலும் அடுத்த வருஷத்து மீன் முழுவதும் போகிறது என்பது புத்தியில் ஏறவில்லை.

அதைவிடப் பெரிய அசட்டுத்தனமும் செய்திருக்கிறேன். ஊரில் உறவினர் ஒருவரின் வயலுக்கு வண்டிப்பாதை போட நானே வரைபடம் தயாரித்துக் கொடுத்தேன். ஓடைக்குக் குறுக்கே குழாய் பதித்து, மண்ணரிப்பு வராமல் கீழ்ப்பக்கம் இரண்டடி உயரத்துக்குச் சுவர் கட்டி, அதன் மேல் வழியாக நீர் விழும்படி செய்தேன். பொறியியல் கணக்கில் குறையில்லை. இன்றும் உறுதியாக நிற்கிறது. ஆனால் அந்த இரண்டடியைக் கெண்டையால் ஏற முடியாது. சில வருஷங்கள் கழித்து உறவினர், "மேல் வயலில் இப்போதெல்லாம் மீனே காணோம்" என்றார். நீர் கீழே போக வழி விட்ட நான், மீன் மேலே வர வழி விடவில்லை!

தவளைப் பொம்மையின் ரகசியம்

பேரனுக்கு வருவோம். ஒரு மழை விட்ட சாயங்காலம் அவனை வெள்ளாயணிக் காயலோரம் அழைத்துப் போனேன். தாமரை இலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் நீர் லேசாகக் கொதிப்பது போலத் துடித்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும். வரால் குஞ்சுகள். செம்மஞ்சள் நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாக நகரும். அவை வளர வளர மூச்சு விட மேலே வரவேண்டும். அதனால்தான் அந்தத் துடிப்பு. அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும்.

வரால் ஒரு விசித்திரமான ஜீவன். செடிகளை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டை மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் குஞ்சுகளை விட்டு அகலாது. தவளை, பாம்பு, கொக்கு எது வந்தாலும் பாயும். தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். குஞ்சுக் கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை இரண்டு முறை இழுத்தால் போதும், மூன்றாவது முறை நிச்சயம் அடி விழும் என்பது இந்த வட்டாரத்தின் பால பாடம்.

நானும் அதைத்தான் செய்தேன். பேரன் முன்னால் கெட்டிக்காரனாக இருக்க வேண்டாமா? மூன்றாவது இழுப்பில் நீர் வெடித்தது. தங்கூஸ் விறைத்தது. இரண்டு கிலோவுக்குக் குறையாத வரால்! கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், பேரன் மீனைப் பார்க்கவில்லை. காயலைப் பார்த்துக்கொண்டிருந்தான். செங்கூட்டம் சிதறி, ஓரத்தில் வேறு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"பாட்டா, அந்தக் குட்டிகளை இப்போ யார் பார்த்துப்பா?"

"இன்னொண்ணு இருக்கும், மக்களே" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒன்றே மனதில் ஓடியது. அந்த வரால் பசித்துக் கடிக்கவில்லை. ஏமாந்தும் கடிக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றக் கடித்தது. அதன் பேராசையைப் பயன்படுத்தினால் அதை விளையாட்டு என்று சொல்லலாம். அதன் பாசத்தைப் பயன்படுத்துவதற்கு என்ன பெயர்?

'பிடித்தாலும் திருப்பி விட்டுவிடுகிறோமே' என்று இன்றைய இளைஞர்கள் சொல்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் குஞ்சு காக்கும் மீனுக்கு அது போதாது. பாஸ் மீனை ஒன்டாரியோ ஏரிகளில் ஆராய்ந்தவர்கள் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். காவல் மீனைத் தூண்டிலில் இழுத்துச் சில நிமிஷம் வைத்திருந்தாலே மற்ற மீன்கள் முட்டையைத் தின்னத் தொடங்கிவிடும். களைத்துத் திரும்பும் மீன் பல சமயம் காவலைக் கைவிட்டுவிடும். அதனால்தான் அம்மாநிலத்தின் பல பகுதிகளில் ஜூன் பிற்பகுதி வரை பாஸ் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மருமகன் கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே, 'உங்கள் பகுதியின் தடைக் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று அச்சிட்டிருந்தார்கள். நான் முன்பக்கத்து அட்டவணையை மட்டும் படித்தவன்.

கடலுக்கு ஒரு நியாயம், காயலுக்கு ஒரு நியாயமா?

இங்கே சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்துச் சட்டமே தடுத்துவிட்டது. கேரளத்தின் 2010-ஆம் வருஷத்து உள்நாட்டு மீன்வளச் சட்டம், இனப்பெருக்கக் காலத்தில் மீனின் வழியை அடைத்துப் பிடிப்பதைக் குற்றம் என்கிறது. ஊத்த பிடிப்பது இன்று தண்டனைக்குரியது. ஆனால் கல்வெர்ட் தோறும் போலீஸ்காரரை நிறுத்த முடியுமா?

கடலைப் பாருங்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாட்கள் விசைப்படகுகள் இழுவலைக்குப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் தடை. படகுக் கடன், வீட்டுச் செலவு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் இருந்தும் அவர்கள் படகைக் கட்டிப்போடுகிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்கு மீன் பிடிப்பவர் இரண்டு மாதம் பொறுக்கிறார். பொழுதுபோக்குக்குப் பிடிக்கும் நம்மால் பொறுக்க முடியாதா?

'ஆற்றில் மணல் அள்ளினார்கள், வயலை நிரப்பினார்கள், பூச்சிமருந்து அடித்தார்கள், அணை கட்டினார்கள். மீன் குறைந்ததற்கு என் ஒற்றைத் தூண்டிலா காரணம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தக் காரணங்கள்தான் பெரியவை. ஆனால் அத்தனையும் தாண்டி வந்து முட்டையிட்ட மீன் அது. மிச்சம் இருப்பது குறைவு என்பதால்தான் நம் தூண்டிலும் கணக்கில் வருகிறது.

'புலிவாகா' என்னும் பெரிய வரால் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்குப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியது. பிரான்சிஸ் டே என்ற டாக்டர் 1865-ல் இதற்குப் பெயர் சூட்டினார். பிறகு, தென்கிழக்காசியாவில் உள்ள மீனும் இதுவும் ஒன்றுதான் என்று எண்ணி நூறு வருஷத்துக்கு மேல் விட்டுவிட்டார்கள். 2011-ல்தான் இது வேறு என்று மீண்டும் நிரூபித்தார்கள். நம் வீட்டுக்குள் இருப்பது நம் பொருள் என்று தெரிந்துகொள்ளவே இவ்வளவு காலம்! இதுவும் குஞ்சு காக்கும் இனம். குஞ்சுக் கூட்டத்தின் மேல் பொம்மை எறிந்துதான் இதையும் பிடிக்கிறார்கள்.

பொறுப்பது நமக்குப் புதிதும் அல்ல. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டோமே தவிர வலை போட்டதில்லை. சிருங்கேரியில் துங்கை நதிப் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் பயமில்லாமல் மனிதர் காலடியில் நீந்துகின்றன. வெள்ளைக்காரர்களில் தூண்டில் பித்துப் பிடித்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாணத்துக் கலெக்டர் 1873-ல் இந்திய நதிகளில் தூண்டில் போடுவது பற்றிப் பெரிய நூலே எழுதினார். அவரும் குஞ்சு மீன்களை வாரி அழிப்பதைக் கண்டித்தவர்தான்.

ஆகவே அன்பர்களே, என் யோசனை சிறியது. இடவப்பாதி மழை விழுந்த நாள் முதல் ஓணம் வரை தூண்டிலைப் பரணில் வைப்போம். ஆனி, ஆடி, ஆவணி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். துலாவர்ஷத்திலும் வரால் குஞ்சு பொரிப்பதுண்டு. ஆகையால் எந்த மாதமானாலும் சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அங்கே எறியாமல் நகர்ந்துவிடுவோம். நிலத்தில் பாதை போடுகிறவர்கள் குழாயின் அடிமட்டத்தை ஓடையின் மட்டத்துக்கே வைக்கட்டும். மீன் ஏற அது உதவும்.

தூண்டில் இன்பத்துக்கு மிச்சக் காலம் தாராளமாக இருக்கிறது. கார்த்திகை பிறந்து நீர் தெளிந்துவிட்டால் மாசி வரை நல்ல காலம். விடியற்காலையில் செடி ஓரமாகப் பேசாமல் நில்லுங்கள். வரால் மூச்சு விட மேலே வந்தே தீரும். வட்டம் தெரிந்ததும் அதற்கு நாலு முழம் தள்ளி எறிந்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி இழுங்கள். பசித்த மீன் வரும். அதோடு உங்கள் சாமர்த்தியத்தைக் காட்டுங்கள். அதுதான் சரிசமமான போட்டி.

மருமகன் தந்த பெட்டியின் மூடியில் 'ஓணத்துக்குப் பிறகு' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். கார்த்திகையில் என்னுடன் வெள்ளாயணிக்கு வர விருப்பமுள்ள சங்க அன்பர்கள் முன்கூட்டிச் சொன்னால் போதும். தவளைப் பொம்மை நான் தருகிறேன். மீன் கிடைக்குமா என்பதற்கு மட்டும் நான் ஜவாப்தாரி அல்ல.