பந்தய வாலிபரும் சட்டமும்

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலை, துறைமுகச் சரக்கு லாரிகளின் பாதை. இரவு வேலை முடிந்து ஆலைத் தொழிலாளர் வீடு திரும்பும் பாதையும் அதுவே. அதைச் சில வாலிபர்கள் நள்ளிரவில் மோட்டார் சைக்கிள் பந்தயக் களமாக்குவது பொறுக்கத்தக்கதன்று.

சட்டத்திற்கோ குறைவில்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதையும் அனுமதியின்றிப் பொதுவிடத்தில் பந்தயம் விடுவதையும் தடுக்கிறது. 2019-ம் வருஷத் திருத்தப்படி, மாற்றம் ஒவ்வொன்றிற்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ உண்டு. ஆயினும் பட்டப்பகலில் சைலன்சரை மாற்றிக் கூலி பெறும் பட்டறைக்காரர் தப்ப, இரவில் ஓட்டும் பையன் மட்டும் அகப்படுவது நீதியாகுமா? போலீஸார் பட்டறை வாசலிலும் நிற்கட்டும்.

தண்டனை மட்டும் போதாது. சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையிலே பல வருஷங்கள் பந்தயம் நடந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் அமைந்தது. முறையான பந்தயத்தில் வண்டிகளைப் பரீட்சகர் சோதிப்பர். விதி மீறியவர் விலக்கப்படுவர். மாற்றம் அங்கே மறைவான குற்றமன்று, வரம்புக்குட்பட்ட வித்தை. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச் சாலையிலேயே பார்முலா 4 பந்தயம் நடத்த சர்க்காருக்கு இயன்றது. வடசென்னை வாலிபருக்குக் காவலும் பரீட்சகரும் ஆம்புலன்ஸும் கொண்ட கால் மைல் நேர்களம் ஒன்று அளிப்பது இயலாததா?

அடிக்கிற கைதான் அணைக்கவும் வேண்டும். சர்க்கார் இரண்டையும் செய்வார்களாக.