கடிகாரம் பார்த்துக் கழுவலாமா?

பால் அடிப்பிடித்த பாத்திரத்தைத் துலக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஒரு படி பாலுக்கே இந்தப் பாடு!

பால் பதனிடும் ஆலையில் பாலை 72 டிகிரி சூட்டில் 15 விநாடி வைத்துக் கிருமிகளைக் கொல்கிறார்கள். அந்தச் சூட்டில் பாலின் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் எந்திரத் தகடுகளில் அப்பிக்கொண்டு, கல்போல இறுகிவிடுகின்றன. உள்ளே கைவிட்டுத் தேய்க்க முடியுமா? முடியாது. ஆகவே குழாய்களைக் கழற்றாமலே கழுவுகிறார்கள். முதலில் தண்ணீர். பிறகு சூடான காஸ்டிக் சோடா கரைசல். மீண்டும் தண்ணீர். அப்புறம் அமிலம். கடைசியில் மறுபடியும் தண்ணீர்.

எத்தனை நிமிடம் அலசுவது? கடிகாரத்தை நம்பும் ஆலைகளில், குழாய் சுத்தமான பிறகும் குறித்த நேரம் வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் வரிசையில் நிற்கும் நாட்டில் இது அநியாயம்!

இதற்கு வழி இருக்கிறது. காஸ்டிக்கோ அமிலமோ கலந்த நீரில் மின்சாரம் எளிதில் பாயும். வெறும் தண்ணீரில் அவ்வளவு பாயாது. வெளியேறும் குழாயில் 'சென்சார்' என்னும் உணர் கருவியைப் பொருத்தினால், இதை அளந்துகொண்டே இருக்கும். உள்ளே விட்ட நல்ல தண்ணீரின் அளவுக்கு அது இறங்கிவிட்டால், மருந்து போய்விட்டது என்று பொருள். உடனே தண்ணீரை நிறுத்திவிடலாம். இன்னொரு கருவி தண்ணீரின் கலங்கலைப் பார்த்து, பாலின் வெளுப்பு எப்போது மறைந்தது என்று சொல்லும்.

தினமும் இந்தக் கணக்கு பதிவாகிறது. வழக்கமாக 6 நிமிடத்தில் முடியும் அலசல் ஒரு நாள் 10 நிமிடம் இழுத்தால், எங்கோ அடைப்பு, அல்லது வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம்.

ஆலைகள் இதை வாங்கிப் பொருத்தத்தான் வேண்டும். ஆனால் மிச்சம் பிடிப்பது அலசலில் மட்டும் இருக்கட்டும். காஸ்டிக் ஓடும் நேரத்தில் கை வைக்கக்கூடாது. ஏனென்றால், மருந்து போய்விட்டதா என்பதுதான் அந்தக் கருவிக்குத் தெரியும். கிருமி செத்ததா என்பது தெரியாது! குழந்தை குடிக்கும் பால் அல்லவா அது?

"கருவி வந்துவிட்டதே, சோதனைச்சாலை எதற்கு, ஆள் எதற்கு?" என்று செலவைக் குறைக்க நினைக்கும் நிர்வாகிகள் கேட்கக்கூடும். ரப்பர் வளையங்களின் இடுக்கில் ஒளிந்திருக்கும் அழுக்கை, பஞ்சால் ஒற்றி எடுத்துச் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். போதாக்குறைக்கு, அந்தக் கருவியின் மேலும் அழுக்கு படியும். படிந்தால் தப்புக் கணக்குச் சொல்லும். அதைக் கழற்றித் துடைத்து, சரிபார்த்து மாட்ட ஒரு தொழிலாளி வேண்டும்.