செத்தவன் வாய்தா கேட்க மாட்டான்

‘நெருப்பில்லாமல் புகையுமா சார்?’ என்று கேட்பது நமக்கு ரொம்பப் பிடித்த பழக்கம். போலீஸ் ஒருவனைப் பிடித்தால், ‘சும்மாவா பிடிப்பாங்க’ என்போம். பிடிபட்டவன் செத்தே போய்விட்டால் இன்னும் வசதி. தீர்ப்பெழுதி, கையெழுத்தும் போட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

அப்படித் தீர்ப்பெழுதும் பழக்கம் உங்களுக்கும் இருந்தால், ஆம்பூர் கதையை ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள்.

2015 மே மாதம். பள்ளிகொண்டா பக்கத்து கிராமத்துப் பெண் ஒருவர் காணாமல் போனார். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். கணவர் போலீசில் புகார் கொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போட்டார். அந்தப் பெண்ணோடு முன்பு ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர் ஷமீல் அகமது. வயது 26. அவரை ஜூன் மாதம் பள்ளிகொண்டா போலீஸ் விசாரணைக்குக் கொண்டுபோனது. சில நாள் கழித்து வெளியே விட்டது. அதன்பின் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து ஜூன் 26-ம் தேதி இறந்துபோனார். மறுநாள் இரவு ஆம்பூர் எரிந்தது. வண்டிகளைக் கொளுத்தினார்கள், நெடுஞ்சாலையை மறித்தார்கள், போலீஸ்காரர்களை அடித்தார்கள். பெண் போலீசைக்கூட விடவில்லை. அது அயோக்கியத்தனம். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அடித்தே கொன்றார்கள் என்றது குடும்பம். இல்லவே இல்லை என்றது போலீஸ். இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார், வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அவர் குற்றவாளி என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அவருக்கு வக்கீல் வைத்துக்கொள்ள முடியும், வாய்தா வாங்க முடியும், ‘நான் செய்யவில்லை’ என்று வாயைத் திறந்து சொல்ல முடியும். ஷமீலுக்கு?

அந்த ஒரு வாரத்தை யோசித்துப் பாருங்கள். பெண்ணைக் காணோம். சந்தேகப்பட்ட ஆளும் உயிரோடு இல்லை. தினமும் ஆயிரக்கணக்கில் ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் தோலை வெட்டித் தைக்கிற ஊர். பெண் ஒரு மதம், பையன் இன்னொரு மதம். கதை கட்டுவதற்கு வேறென்ன வேண்டும்?

ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பெண் சென்னையில் உயிரோடு கிடைத்தார். உயர் நீதிமன்றத்தில் வந்து நின்றார். கொலையும் இல்லை, கடத்தலும் இல்லை. தானாக வீட்டை விட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். நடக்காத ஒரு குற்றத்துக்காகச் சந்தேகப்பட்டு, ஒரு ஆள் செத்தே போயாச்சு.

இப்போது என் கேள்வி. அந்தப் பெண் சென்னைக்குப் போகிற வழியில் ஏதோ ஒரு விபத்தில் அடையாளம் தெரியாமல் இறந்திருந்தால்? இன்றைக்கு ஷமீல் அகமதுவின் பெயரை நாம் என்ன அடைமொழியோடு சொல்லிக்கொண்டிருப்போம்?

இந்தக் கேள்வியோடு ராம்குமாருக்கு வாருங்கள். 2016 ஜூன் 24, நுங்கம்பாக்கம் ரயில் நிலையம், சுவாதி கொலை. ஒரே வாரத்தில் செங்கோட்டை பக்கம் ராம்குமார் கைது. செப்டம்பர் 18-ம் தேதி புழல் சிறையில் மரணம். மின்கம்பியைக் கடித்துத் தற்கொலை என்றது அரசுத் தரப்பு. சாட்சியை ஒரு வக்கீல்கூட குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஆனாலும் ‘சுவாதியைக் கொன்ற ராம்குமார்’ என்றுதான் இன்றும் பேசுகிறோம், எழுதுகிறோம். அவர் செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். ஆம்பூரில் ‘செத்துப்போன’ பெண் திரும்பி வந்து சாட்சி சொன்னார். நுங்கம்பாக்கத்தில் அப்படித் திரும்பி வர யாரும் இல்லை.

நான் பி.காம். படித்தவன். ஒரு தொகை யார் கணக்கில் போகிறது என்று தெரியாவிட்டால் அதை ‘சஸ்பென்ஸ் அக்கவுண்ட்’டில்தான் போட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்பதற்காக, கேட்க ஆளில்லாத ஒருத்தன் தலையில் பற்று எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. ராம்குமார் விஷயத்தில் செய்திருப்பது அதுதான். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் சுடப்பட்ட 20 பேருக்கும் அதேதான். ஜவ்வாது மலை பக்கத்திலிருந்தெல்லாம் கூலி வேலைக்குப் போன ஆட்கள், பிணமாக வரும்போது ‘கடத்தல்காரர்கள்’.

‘செத்த பொண்ணோட அப்பாவை நினைச்சுப் பார்த்தீங்களா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நினைத்துத்தான் சொல்கிறேன். தன் மகளை யார், எதற்காகக் கொன்றார்கள் என்று ஒரு நீதிபதி வாயால் கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது. சிறைக்குள் நடந்த சாவு அதையும் சேர்த்துப் பறித்துவிட்டது.

சட்டத்தில் ஒரு வேடிக்கை பாருங்கள். தண்டனை பெற்ற ஒருவர், அப்பீல் நடக்கும்போது இறந்துவிட்டால், நெருங்கிய உறவினர் 30 நாளைக்குள் மனு போட்டு அந்த அப்பீலைத் தொடரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394-வது பிரிவில் இது இருந்தது, 2024-ல் அமலான புதிய சட்டத்திலும் இருக்கிறது. ஆனால் விசாரணையே தொடங்காமல் இறந்தவருக்கு இந்த வழி கிடையாது. வழக்கு அவரோடு முடிந்தது. காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரிப்பார். எப்படிச் செத்தார் என்றுதான் விசாரிப்பார். குற்றம் செய்தாரா என்பது அவர் வேலை இல்லை.

அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். போலீஸ் பிடியில் ஒருவர் செத்தால், குடும்பம் கேட்கும்பட்சத்தில், அவர் மீது இருந்த ஆதாரம் அத்தனையும் ஒரு நீதிபதி முன்பு திறந்த கோர்ட்டில் வரட்டும். செத்தவருக்காக அரசு செலவில் ஒரு வக்கீல் நிற்கட்டும். தண்டனை கொடுக்க முடியாது, வாஸ்தவம். பெயரையாவது தீர்மானிக்கலாம். அதுவரை பத்திரிகைக்காரர்கள் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதினால் மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

ஆம்பூர் கலவர வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்றது. 161 பேரை விடுதலை செய்தது. 2015-ல் டீக்கடையில் விட்டிருந்தால் அத்தனை பேரும் ‘கலவரக்காரனுங்க’தான். அந்த 161 பேரில் ஒருவர் அப்போதே லாக்கப்பில் இறந்திருந்தால், அவரை எந்தக் கணக்கில் எழுதியிருப்பீர்கள்?