கேட்டால் புரியும், படிக்கத் தெரியாது

பாறசாலையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. நாற்பதைத் தாண்டியவர், இரண்டு குழந்தைகளின் தகப்பன், டி.வி., மிக்ஸி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். இரவு கடையை அடைத்து, வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு ஒரு மணி நேரம் வீடியோ கேம் ஆடுவார். இந்தப் பக்கத்தில் எந்த விளையாட்டைப் பற்றி எழுதினாலும் அவரிடமிருந்து போன் வந்துவிடும். ஆனால் அவர் இதைப் படிப்பதில்லை. படிக்கத் தெரியாது.

"எனக்க அம்மைதான் வாசிச்சுத் தருவா அண்ணா. பாதியில கண்ணு வலிக்குன்னு நிறுத்திருவா. பாக்கிய நீங்க சொல்லுங்க" என்பார்.

அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், விளவங்கோடு தாலுகாவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தார். மகன் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தார். வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், கம்ப்யூட்டரில் இங்கிலீஷ். 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்துத்தான் கேட்டது. அது கேரளத்தில் தங்கிவிட்டது. களியக்காவிளையில் டீ குடித்துவிட்டு பஸ் ஏறினால் டீயின் சூடு ஆறுமுன் இஞ்சிவிளை வந்துவிடும். பேச்சு அப்படியே இருக்கும். கடைப் பலகைகளின் எழுத்துதான் மாறும்.

நண்பர் இரவில் ஒளிந்துகொண்டு ஆடுவதற்குக் காரணம் உண்டு. 'ஆன்லைன் விளையாட்டு' என்ற சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் சூதாட்டத்துக்கே எழுதி வைத்துவிட்டன. ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, போனும் கையுமாக இருக்கும் எந்த ஆண்பிள்ளையையும் வீட்டில் சந்தேகத்தோடு பார்த்தார்கள். பார்த்தது தப்பு என்று சொல்லமாட்டேன். கடன் வாங்கி ஆடியவர்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.

சட்டம் இந்த எல்லையில் ஆடிய ஆட்டம் தனிக் கதை. தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2021 பிப்ரவரியில் கேரளம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்தை ரத்து செய்தது. கேரள உயர் நீதிமன்றம் அந்த அரசின் உத்தரவை ரத்து செய்ய செப்டம்பர் கடைசியாகிவிட்டது. ஆக இடையில் சில வாரங்களுக்கு, களியக்காவிளையில் ஆடலாம், இஞ்சிவிளையில் ஆடினால் குற்றம். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டின் புதிய சட்டம் அமலுக்கு வந்தபோது நிலைமை தலைகீழ்: இப்போது இஞ்சிவிளையில் ஆடலாம், களியக்காவிளையில் கூடாது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விடுவித்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் இயற்ற, பணம் வைத்து ஆடவிட்ட பெரிய கம்பெனிகள் ஆட்டத்தை நிறுத்தின. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸையும் பணம் கட்டாத விளையாட்டுகளையும் வளர்க்க வேண்டும் என்கிறது. ரம்மி வேறு, வீடியோ கேம் வேறு என்று ஒருவழியாக டெல்லி ஒப்புக்கொண்டது. நண்பரின் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

'பெரியவர்களுக்கான விளையாட்டு' என்றாலும் இதே தொல்லைதான். அமெரிக்காவில் 1993ல் செனட் சபை வரை விவகாரம் போய், அடுத்த ஆண்டு வயதுவாரியாகத் தர முத்திரை குத்தும் அமைப்பு வந்தது. அன்றிலிருந்து பெரியவர்களுக்கு என்றால் ரத்தம், நிர்வாணம், கெட்ட வார்த்தை என்று அர்த்தமாகிவிட்டது. தமிழில் இன்னும் மோசம். 2021 ஜூனில், பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களை ஆபாசமாகத் திட்டியதாக ஒரு யூட்யூப் ஆசாமி தர்மபுரியில் கைதானார். அவருடைய சேனலின் பெயரிலேயே பதினெட்டு பிளஸ் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் பள்ளிப் பையன்கள் என்பது வேறு விஷயம்.

போன மாதம் நண்பரிடம் 'வெண்பா' ஆடிப்பாருங்கள் என்றேன். 2023 ஜூலை 31ல் வெளியானது. டொரான்டோவிலிருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தம்பதி, வெண்பாவும் பாவலனும். அவர்களுடைய மகன் கவின். துப்பாக்கி இல்லை, ஓட்டம் இல்லை. அம்மா தந்த சமையல் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஆடுகிறவர் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு என்று இதற்குப் பரிசு தந்தது.

விமர்சனம் செய்ய வேண்டியவன் என்ற முறையில் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம் முடிந்துவிடுகிறது; ஒரு சினிமா பார்க்கும் நேரம்கூட ஆகாது. பாவலன் பாதி வரைந்த படம்போல நின்றுவிடுகிறார். புதிர்கள் வெள்ளைக்காரர்களுக்குப் புதிராக இருக்கலாம். பாறசாலையில் புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது, மாவுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் என்ன முறை என்பதெல்லாம் ஒரு புதிரா? எல்லைக்கு இரண்டு பக்கமும் காலையில் அதுதானே சாப்பாடு. "இதுக்கு பிரைஸ் வேறெ குடுத்தானா?" என்று நண்பர் சிரித்தார்.

ஆனால் கடைசிக்குப் போனபிறகு அவர் சிரிக்கவில்லை. கவின் வளர்ந்து ஆளாகிறான். அம்மாவின் சமையல் புத்தகம் இப்போது அவன் கையில். அதில் இருப்பது அவன் வீட்டில் பேசிய மொழி. எழுத்துதான் அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. தட்டுத் தடுமாறி, அரைகுறையாய்ப் புரிந்துகொண்டு சமைக்கிறான்.

டொரான்டோ பையனுக்காக உலகம் முழுக்கக் கண்கலங்கிப் பலர் எழுதினார்கள். களியக்காவிளைக்கு அடுத்த ஊரில் அதே கதை, விமானம் ஏறாமலே, கண்டம் தாண்டாமலே நடந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதற்குக் கண்ணாடிபோல் ஒன்று உண்டு: விளவங்கோட்டுப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசி, தமிழ்ப் பள்ளியில் படித்து, பாட்டியின் மலையாளக் கடிதத்தை வாசிக்க ஆள் தேடுகிறவர்கள்.

நண்பர் அன்று இரவு அம்மாவை எழுப்பி, மானிட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். திரையில் இருந்த தமிழ் எழுத்துகளை அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்துச் சொன்னாராம். இங்கிலீஷில் வந்ததை மகன் சொன்னாராம். "அந்தப் பய பிறகு அம்மைக்கு போன் பண்ணினானா?" என்பதுதான் அம்மா கேட்ட ஒரே கேள்வி. மனைவியும் வந்து கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் விளையாடுகிறவர்களின் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மணிக்கணக்கில் கத்துகிறார்கள். வேலைக்குப் போய்வந்து ஒரு மணி நேரம் மட்டுமே மிஞ்சுகிற மனிதருக்கு, இது என்ன கதை, எவ்வளவு நேரம் பிடிக்கும், பணம் பறிக்குமா, குழந்தை பக்கத்திலிருந்தால் ஆடலாமா என்று நிதானமாகச் சொல்லும் குரல் அபூர்வம். பாட்காஸ்ட் என்றால் எழுத்துக்கு வந்த சோம்பேறித் தம்பி என்று நான் நினைத்திருந்தேன். பாறசாலையைப் பார்த்தபிறகு அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டேன். எல்லைக் கிராமங்களில், பம்பாய்த் தாராவியில், பெங்களூரில், தமிழ் காதுக்குள் முழுசாக இருந்து கண்ணுக்கு எட்டாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தப் பக்கம் வெறும் கோடுகள்.

சென்ற வாரம் செல்போனை மேஜைமேல் வைத்து, இந்தப் பத்தியையே பதினாலு நிமிஷம் பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். நடுவில் பிரஷர் குக்கர் மூன்று முறை விசில் அடித்தது. அரை மணியில் பதில் வந்தது.

"அண்ணா, நல்லா கேக்குது. ஆனா இந்த புஸ்தகத் தமிழு வேண்டாம். போன்ல எங்கிட்ட பேசுவியளே, அப்பிடியே பேசுங்க. அம்மைக்கும் அதுதான் பிடிக்கும்."

மறுபடி பதிவு செய்ய வேண்டும். குக்கர் வைக்காத நேரமாகப் பார்த்து.