வீட்டிலேயே தோட்டா செய்யும் 'ஹாபி'... அமெரிக்காவில் விசாவில் இருப்பவர்கள் ஏன் உஷாராக இருக்கணும்?

லீவு நாளில் சிலர் மாடித்தோட்டம் போடுவார்கள், சிலர் பைக்கைப் பிரித்து மாட்டுவார்கள். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு பகுதியினர் கேரேஜில் உட்கார்ந்து தோட்டா செய்கிறார்கள். இதற்குப் பெயர் 'ரீலோடிங்'. கேட்டால், "மனசுக்கு அமைதியா இருக்கு" என்பார்கள். சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது?

ரீலோடிங் என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள்: பித்தளை உறை, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு உறை மட்டும்தான் மறுபடி பயன்படும். அதைச் சுத்தம் செய்து, மற்ற மூன்றையும் புதிதாகச் சேர்ப்பதுதான் ரீலோடிங். மருந்தை அளப்பது 'கிரெயின்' கணக்கில். ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்தான்.

இதுல என்ன ரிலாக்ஸ்?

ஒரே வேலையை நிதானமாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஓர் உறையில் தவறுதலாக இரண்டு முறை மருந்து விழுந்தால், சுடும்போது துப்பாக்கியே வெடித்துவிடலாம். அதனால் டிவி, மொபைல், மது எதுவும் பக்கத்தில் கூடாது. வேறு எதையும் யோசிக்க முடியாத அந்த நேரம்தான் பலருக்கு ஓய்வு.

நடைமுறைக் காரணங்களும் உண்டு. குறிபார்த்துச் சுடும் போட்டியாளர்களுக்குத் துல்லியம் முக்கியம். பழைய துப்பாக்கிகளுக்கான தோட்டா எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஆனால், பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. அந்தத் தூசு கையிலும் உடையிலும் ஒட்டி வீட்டுக்குள் வந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து.

லைசென்ஸ் வேண்டாமா?

சொந்தத் தேவைக்குச் செய்ய, அமெரிக்க மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்கும் தொழிலாகச் செய்தால் கட்டாயம் தேவை. கோடு போடப்பட்டிருப்பது அங்கேதான்.

அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 2017 லாஸ் வேகாஸ் தாக்குதலில் சுட்டவர் தங்கியிருந்த அறையில், சுடப்படாத தோட்டாக்களில் அரிசோனாக்காரர் ஒருவரின் கைரேகை கிடைத்தது. தாக்குதலில் அவருக்குப் பங்கு இருந்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்து விற்றதற்காக 2020-ல் 13 மாத சிறைத் தண்டனை பெற்றார்.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஹெச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி பெற்ற வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம் அடுத்தது. அந்தச் சட்டத்தில் 'தோட்டா' என்றால் முழுத் தோட்டா மட்டுமல்ல. உறை, பிரைமர், குண்டு, மருந்து என ஒவ்வொன்றும் தனித்தனியாகவே தோட்டாதான். "சும்மா பிரைமர் பாக்கெட்தானே" என்று நண்பருக்காக வாங்கி வைத்தாலும் சிக்கல். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள்.

இந்தியாவில்?

இங்கே கோடு இன்னும் முன்னாலேயே இருக்கிறது. 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே குற்றம், விற்றாலும் விற்காவிட்டாலும். தோட்டாவின் பாகங்களும், தயாரிக்கும் கருவிகளும்கூட அதே வரையறைக்குள் வரும். 2019 திருத்தத்தின்படி தண்டனை குறைந்தது 7 ஆண்டுகள். ஆயுள் சிறை வரை போகலாம்.

ஆகவே, அமெரிக்க நண்பரின் கேரேஜில் அது வார இறுதிப் பொழுதுபோக்கு. அதே பொருட்கள் விசாக்காரரின் அபார்ட்மென்ட்டில் இருந்தால், அது வழக்கு.