மதுரைக்கு அரை நாள் போதும்னு சொன்ன புண்ணியவான்களுக்கு

மக்களே, இது கொஞ்சம் காட்டமான பதிவு. ரத்தக்கொதிப்பு உள்ளவங்க அப்படியே அடுத்த கடைக்குப் போயிடலாம். :-)

விஷயம் இதுதான். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு. கருமத்தம்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்து, தறிச் சத்தத்துலயே காலம் ஓடிப்போச்சு. இன்னும் மதுரையைப் பார்த்ததில்லை. இந்த வருஷம் நோம்பி லீவுல கூட்டிட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை சொன்னேன். மறுநாளே அக்கா வீட்டு மச்சான் ஒரு தாளோட வந்து நின்னார். மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம், குற்றாலம், திரும்பி வர்ற வழியில பழனி. இரண்டரை நாள், ஏழு ஊர், ஒரு வேன். கணக்குப் போட்டுப் பார்த்தா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல வருது. இது டூரா, லாரி லோடா?

அதுல மதுரைக்கு ஒதுக்கினது அரை நாள். அதையும் அவர் சொந்தமா யோசிக்கலை. யாரோ நம்மள மாதிரி எழுதற ஒரு புண்ணியவான் "மதுரையில் பார்க்க வேண்டிய 15 இடங்கள், அரை நாள் போதும்"னு எழுதி வச்சிருக்கார். அவர் பதினஞ்சையும் பார்த்தாரான்னு எனக்குத் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்துல மீனாட்சியம்மன் கோயில் வாசல்ல நின்னிருக்க மாட்டார்னு மட்டும் சத்தியம் பண்ணுவேன்.

நான் நின்னிருக்கேன். அம்மா மதுரையைப் பார்த்ததில்லைன்னு சொன்னேன் இல்லையா, அது முழு உண்மை இல்லைங்க. 2016 மே மாசம் இதே மாதிரி ஒரு வேன் டூர். காலை நாலு மணிக்குக் கிளம்பணும்னு பேச்சு. ஒறம்பரை எல்லாம் வந்து சேர்ந்து, தேங்காய் உடைச்சு, வண்டி நகர்ந்தப்போ மணி ஆறரை. தாராபுரம் தாண்டி ஒரு இடத்துல டிபன், ஒட்டன்சத்திரத்துல டீ, அப்புறம் யாருக்கோ வாந்தி. கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தப்போ பன்னிரண்டே முக்கால். நடை சாத்தியாச்சு. இனி நாலு மணிக்குத்தான். டிரைவர் சொன்னார், "ராமேஸ்வரம் போகோணுமுங்க, நின்னா நாளைக்குப் பூராவும் கெட்டுப்போயிரும்". வண்டி கிளம்பிடுச்சு. அப்பா ஜன்னல் வழியா தெற்குக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு, "கோபுர தரிசனம் கோடி புண்ணியம், விடுங்கப்பா"ன்னார். எங்களைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். ரெண்டு வருஷம் கழிச்சுப் போய்ச் சேர்ந்துட்டார். அவர் பார்த்த மதுரை அவ்வளவுதான்.

அதனால அரை நாள்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வருது. வரட்டும்.

மதுரை ஒரு கோயில் இல்லைங்க, கோயிலைச் சுத்தி வரைஞ்ச ஒரு ஊர். உள்ள ஆடி வீதி, வெளிய சித்திரை வீதி, அதைச் சுத்தி ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியா வெளி வீதி. சாமி சுத்தி வர்றதுக்குப் போட்ட தெருக்கள். அதை வேன் கண்ணாடி வழியா பார்த்தா டிராபிக் ஜாம்தான் தெரியும். நடந்து பார்க்கணும். வெளி வீதி இருக்கற இடத்துல ஒரு காலத்துல கோட்டைச் சுவரும் அகழியும் இருந்துச்சு. 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் இடிச்சு ஊரை விரிவாக்கினார். அந்த வேலை பார்த்தவங்க பேர்லதான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இன்னிக்கும் இருக்கு. கட்டட மேஸ்திரி பேர்ல ஒரு தெரு! நம்ம ஊர்ல கவுன்சிலர் பேரைத் தவிர வேற எதையாச்சும் போர்டுல பார்த்திருக்கீங்களா?

தறிக்காரன் மகனா எனக்கு முக்கியமா ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, மேல மாசி வீதி. 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி சட்டையையும் தொப்பியையும் விட்டுட்டு அரையாடைக்கு மாறினது அந்தத் தெருவுல தங்கியிருந்த வீட்டுலதான். ரெண்டாவது, ராணி மங்கம்மாள் அரண்மனையில 1959-ல் தொடங்கின காந்தி மியூசியம். அவர் சுடப்பட்டப்போ உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. ஒரு முழம் துணி நெய்ய எத்தனை ஊடு ஓடணும்னு தெரிஞ்ச கை எங்க அம்மாவோடது. அந்தத் துணி முன்னாடி அவங்க எவ்வளவு நேரம் நிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா பின்னாடி ஹாரன் அடிக்கக் கூடாது.

நாயக்கர் மகாலைப் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. 1636-ல் திருமலை நாயக்கர் கட்டினது. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ பிரிச்சு எடுத்தது போக மிச்சம்தான் நாம பார்க்கறது. கோயில் நடை சாத்தியிருக்கற மதிய நேரத்துக்கு அதை வச்சுக்கிட்டா நேரமும் வீணாகாது. இந்தச் சின்ன யோசனை கூட அந்தப் பதினஞ்சு இடத்து லிஸ்ட்ல இல்லை. புதுமண்டபத்துல பாத்திரமும் தையல் கடையும் பார்க்கலாம்னு போட்டிருக்கு. அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போச்சுன்னு லிஸ்ட் போட்டவருக்கு யாராவது சொல்லுங்கப்பா. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடிச்சதுக்கு அப்புறம் கோயிலுக்குள்ள செல்போன் கொண்டுபோக விடறதில்லை. செருப்பு, போன், ரெண்டையும் ஒப்படைச்சு வாங்கவே வரிசை. அரை நாள்ல அதுவும் அடக்கம்.

இன்னொண்ணும் சொல்லணும். இந்தக் கோயில் வாசல் ஒரு பகுதி மக்களுக்கு நூற்றாண்டுக் கணக்கா சாத்தியே கிடந்துச்சு. 1939 ஜூலை 8-ம் தேதி வைத்தியநாத ஐயர் அவங்கள்ல சிலரை அழைச்சுட்டு உள்ள போனார். பின்னாடி மந்திரியான கக்கனும் அதுல ஒருத்தர். அப்படித் திறந்த வாசலை நாம கடிகாரத்தைப் பார்க்காம வந்து தவறவிட்டுட்டு, "மதுரை முடிஞ்சுது"ன்னு தாள்ல டிக் அடிக்கறோம்.

மச்சான் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். "மாப்ளே, தறி நிக்கறது வருஷத்துல நாலு நாள். அடுத்த வருஷம் யாரு இருப்பாங்களோ, போறப்பவே எல்லாத்தையும் காட்டிடலாம்"னார். நல்ல மனுஷன், அம்மா மேல பாசமாத்தான் சொல்றார். ஆனா அடுத்த வருஷம் யாரு இருப்பாங்களோங்கற அதே காரணத்துக்காகத்தான் நான் ஒரே ஊர் போதும்ங்கறேன். அப்பாவுக்கும் 2016-ல் இப்படித்தான் ஏழு ஊர் காட்டினோம். அதுல முக்கால்வாசி பார்க்கிங். ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடணும்னா அதுக்குன்னு தனியா போங்க. அதையும் இதுல சொருகாதீங்க.

செலவுன்னு ஆரம்பிக்காதீங்க. ஏழு ஊருக்கு டீசல், டிரைவர் பேட்டா, சுங்கச்சாவடி, வழியில பதினஞ்சு பேருக்குக் காபி, இதெல்லாம் பார்த்தா ரெண்டு பேர் ரயில்ல போய் ரெண்டு ராத்திரி ரூம் எடுக்கறது ஒண்ணும் பெரிசில்லை.

என் திட்டம் சிம்பிள். மதியம் கோவையில ரயில் ஏறினா பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியா பொழுது சாய மதுரை. அன்னிக்கு எதுவும் பார்க்கப்போறதில்லை, இட்லி தின்னுட்டுத் தூங்கறோம். மறுநாள் விடியக்காலை கோயில். மதியம் மகால். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால நடுவுல ஒரு தூக்கம் கட்டாயம். ராத்திரி மறுபடியும் கோயில், சொக்கநாதரைப் பள்ளியறைக்குப் பல்லக்குல தூக்கிட்டுப் போறதைப் பார்க்க. மூணாம் நாள் மாசி வீதி, மியூசியம், ஒரு சுங்குடிச் சேலை. ஜிகர்தண்டா அம்மாவுக்குச் சுகர் இருக்கறதால எனக்கு மட்டும். :-)

நேத்து ரெண்டு டிக்கெட் போட்டாச்சு. மச்சான் நாலு நாளா பேசறதில்லை. அக்கா மட்டும் ராத்திரி போன் பண்ணி, "ஏன்டா, மூணாவது டிக்கெட் கிடைக்குமா?"ன்னு கேட்டா.