சாணமிட்ட பாத்தியில் முளைத்த கீரை

 

வீட்டு வளவில் மரக்கறித் தோட்டம் செய்யும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மாட்டுச் சாணமும் ஆட்டெருவும் கோழியெருவும் நஜீஸ் அல்லவா? அவற்றைப் பசளையாக இட்டு வளர்த்த கீரையை உண்ணலாமா? சிலர் இந்த ஐயத்தினாலேயே சேதனப் பசளையைக் கைவிட்டு, கடையில் இரசாயனப் பசளையும் பூச்சிநாசினியும் வாங்குகிறார்கள். அதுவே பேணுதல் என்றும் எண்ணுகிறார்கள். மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி கால்நடைகளின் சாணம் நஜீஸ்தான். உண்ணத்தக்க பிராணிகளின் சாணம் சுத்தமானது என்பது மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் கருத்து. ஆனால் சாணத்தை நிலத்துக்கு எருவாக இடுவதை ஷாபிஈ மத்ஹபும் தடுக்கவில்லை. எருவில் முளைத்த பயிர் தன்னளவில் நஜீஸ் அல்ல என்றும், எரு பட்ட பகுதியைக் கழுவினால் சுத்தமாகிவிடும் என்றும் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மஜ்மூஃ' என்ற நூலில் விளக்குகிறார்கள். கதிரில் விளையும் தானியத்தையும் வெள்ளரி போன்ற காய்களையும் கழுவ வேண்டிய அவசியம்கூட இல்லை.

எனவே கொடியில் தொங்கும் பாகற்காயிலோ செடியில் காய்க்கும் வெண்டிக்காயிலோ சந்தேகத்துக்கு இடமில்லை. தரையோடு படரும் வல்லாரை, பொன்னாங்காணி போன்றவற்றில்தான் கவனம் தேவை. இலையில் எரு ஒட்டியிருந்தால் முதலில் அதை அகற்றிவிட்டு, மேலிருந்து தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். சிறிய பாத்திரத்து நீருக்குள் அப்படியே போட்டு அலசினால் அந்த நீரே நஜீஸாகிவிடும். வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம் அல்லவா? நோய்க் கிருமிகளுக்காகவும் நன்றாகக் கழுவத்தான் வேண்டும்.

இன்னொரு விடயம். நஜீஸான பொருளை விற்பது ஷாபிஈ மத்ஹபில் செல்லாது. ஆகவே எருவுக்கு விலை பேசாமல், அதை அள்ளி ஏற்றித் தருவதற்குக் கூலி என்று பேசிக்கொள்வது நல்லது.

சாணம் பட்ட கையைக் கழுவிவிடலாம். பூச்சிநாசினி அப்படியல்ல. அதைத் தெளித்த பின் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று போத்தலின் லேபிளில் எழுதியிருப்பார்கள். வயல்காரர் காத்திருக்கலாம். நாமோ காலையில் தெளித்துவிட்டு மாலையில் ஒரு பிடி கீரை கிள்ளப் போகிறோம். அதே வளவில் பிள்ளைகள் விளையாடுகின்றனர், கோழிகள் கிளறுகின்றன. தனக்கும் தீங்கிழைக்கக் கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த அடிப்படை. சாணத்தைக் கண்டு அஞ்சுகிற பேணுதல், நஞ்சைக் கண்டும் அஞ்ச வேண்டாமா?

"சேதனப் பசளையால் நாடு பட்ட பாடு போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தார்கள். போதிய மாற்றுப் பசளை கிடைக்காமல் விளைச்சல் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அது பரந்த வயல்களுக்கு ஒரே போகத்தில் எரு தேட நேர்ந்ததன் விளைவு. நான்கு பாத்திகளுக்கு வேண்டிய எரு நம் குசினிக் கழிவிலேயே இருக்கிறது.

நிழலான இடத்தில் காய்ந்த சருகு, பச்சை இலை, மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, சிறிது சாணம் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் மூடி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள். மூன்று மாதமளவில் கறுத்து உதிர்ந்து மண் வாசம் வீசினால் கூட்டெரு தயார். இறைச்சி, மீன் கழிவுகளையும் எண்ணெயையும் சேர்க்காதீர்கள். எலியும் நாயும் வரும். பச்சைச் சாணத்தையும் புதிய கோழியெருவையும் நேரே செடியடியில் போட்டால் வேர் கருகிவிடும்.

பூச்சி வந்தால் புழுக்களைக் காலையில் கையால் பொறுக்குங்கள். 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளியுங்கள். வுழூச் செய்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் பாத்திக்கு விடலாம். ஆனால் சிரட்டையிலோ தயிர்ச்சட்டியிலோ நீர் தேங்க விடாதீர்கள்; டெங்கு நுளம்பு பெருகும்.

இத்தனைக்குப் பிறகும் சில இலைகளைப் புழு தின்றுவிடும், சில காய்களைக் கிளி கொத்திவிடும். மனம் சோர வேண்டாம். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகாவாக அமையும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கடையில் வாங்கிய கீரைக் கட்டில் இந்த நன்மை கிடைக்குமா? பறிக்கும்போது பக்கத்து வீட்டுக்கும் ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். நஞ்சில்லாதது என்று நீங்கள் உறுதியாக அறிந்த உணவை அவர்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

அல்லாஹ் நமது உணவிலும் வளவிலும் பரகத் செய்வானாக! ஆமீன்.